தாய்க்கும் சேர்த்து ஒரு கட்டில்

குழந்தைகள் வார்டு என்றதும் கட்டடம் கட்டுபவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பெயிண்ட்தான். சுவரில் சோட்டா பீம், மிக்கி மவுஸ், ஒட்டகச்சிவிங்கி, ஆள் உயரப் பூக்கள். படங்கள் பெரும்பாலும் நிற்கும் பெரியவரின் கண்மட்டத்தில் இருக்கும். திறப்பு விழாவுக்கு வருபவர்களுக்கு அது வசதி. காய்ச்சலில் மல்லாந்து படுத்திருக்கும் மூன்று வயதுக் குழந்தை பார்ப்பதோ கூரையை. அங்கே இருப்பவை மின்விசிறி, கண்ணில் நேரே அடிக்கும் டியூப்லைட், சொட்டுச் சொட்டாக இறங்கும் டிரிப்ஸ் பாட்டில், சொல்லாமல் கொள்ளாமல் மேலே குனியும் முகங்கள். அந்தக் கட்டிலில் ஒரு நிமிடம் படுத்துப் பார்த்துவிட்டு எந்தப் பொறியாளரும் விளக்கை அந்த இடத்தில் பொருத்தமாட்டார்.

படங்கள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குழந்தைக்கு நிறம் வேண்டும், விளையாட்டு வேண்டும். ஆனால் குழந்தை பிழைப்பதையும் அதன் பயம் குறைவதையும் முடிவு செய்யும் விஷயங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. வாசலில் குழந்தையை முதலில் பார்ப்பவர் யார், இரவில் தாய் எங்கே படுக்கிறாள், வெளிநோயாளர் பிரிவு எத்தனை மணிக்குத் திறக்கிறது, அங்கே வந்து சேர எத்தனை வண்டி மாற வேண்டும் என்பவை அவை. உலகில் பல இடங்களில் அளந்து பார்த்த ஆய்வுகள் இவற்றுக்கு உண்டு. சென்னையின் மேற்குப் புறநகரை மனத்தில் வைத்து அவற்றைப் படிக்கும்போது, நம்மிடம் என்ன இருக்கிறது, எது விட்டுப்போயிருக்கிறது என்பது தெளிவாகிறது.

2011 கணக்கெடுப்பில் அம்பத்தூரில் 4,66,205 பேர், ஆவடியில் 3,45,996 பேர், பூந்தமல்லியில் 57,224 பேர். அதன் பிறகு திருமுல்லைவாயில், திருவேற்காடு, பட்டாபிராம், திருநின்றவூர் என்று ஏரிக்கரைவரை வீடுகள் வந்துவிட்டன. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது. தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் ஆறு வயதுக்கு உட்பட்டவர் என்ற அதே கணக்கெடுப்பின் விகிதத்தை வைத்தால், மூன்று ஊர்களிலும் அன்றைக்கே எண்பதாயிரத்துக்கு மேற்பட்ட சின்னக் குழந்தைகள் இருந்திருக்க வேண்டும்.

இவை தொழிற்சாலைகளால் வளர்ந்த ஊர்கள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் வந்தது, அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல். மருத்துவமனைகளும் அவற்றோடு சேர்ந்தே வந்தன. அம்பத்தூரின் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்ட் மருத்துவமனை 1966இல் முருகப்பா குழுமத்தின் முயற்சியால் எழுந்தது. கனரக வாகனத் தொழிற்சாலைக்குத் தனி மருத்துவமனை உண்டு. தொழிற்பேட்டைத் தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ. மருந்தகங்களும், கொஞ்சம் தள்ளி அயனாவரத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் உண்டு. இந்த ஏற்பாடுகள் பலருக்குக் கைகொடுத்தவை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அவற்றின் கணக்கில் தொழிலாளிதான் நோயாளி, குழந்தை அவரைச் சார்ந்தவர். குழந்தையையே மையமாக வைத்து இந்தப் பக்கத்தில் அரசு எழுப்பிய பெரிய மருத்துவமனை கிடையாது. நோய் முற்றினால் எல்லோர் வாயிலும் வருவது ஒரே பெயர்: 'எழும்பூர் குழந்தைங்க ஆஸ்பத்திரி'. சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த, எண்ணூறுக்கும் மேற்பட்ட படுக்கைகள் கொண்ட குழந்தைகள் நல நிறுவனம் அது. ஆவடியிலிருந்து போக மின்சார ரயிலில் சென்ட்ரலுக்கு வந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். பூந்தமல்லியிலிருந்து என்றால் நெடுஞ்சாலை நெரிசல் முழுவதையும் கடக்க வேண்டும்.

இத்தனைக்கும் பூந்தமல்லிக்குப் பொதுச் சுகாதாரத்தில் பழைய பெயர் ஒன்று உண்டு. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற ஏற்பாடு நாட்டில் வேரூன்றுவதற்கு முன்பே, வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் துணையோடு கிராமச் சுகாதாரப் பணியைச் சோதித்துப் பார்த்த ஊர்களில் பூந்தமல்லியும் ஒன்று. கிராமப் பணியாளர்களைப் பயிற்றுவிக்கும் பொதுச் சுகாதார நிறுவனம் இன்றும் அங்கே இருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் இரு சுகாதார மாவட்டங்களில் ஒன்றுக்குத் தலைமையிடமும் பூந்தமல்லிதான். சேவையை மக்களின் வாசலுக்குக் கொண்டுபோவது என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அதை மருத்துவமனைக்கு உள்ளேயும் கொண்டுவர வேண்டும் என்பதே என் வாதம்.

முதல் ஐந்து நிமிடங்களைப் பார்ப்போம். நம் அரசு மருத்துவமனையின் வழக்கமான ஓட்டம் எல்லோரும் அறிந்தது. சீட்டு போடும் இடத்தில் ஒரு வரிசை, ஓ.பி.யில் ஒரு வரிசை, ரத்தம் கொடுக்க ஒன்று, ஊசி போட ஒன்று, மாத்திரை வாங்க இன்னொன்று. பெரியவருக்கு இது அலுப்பு. குழந்தைக்கு ஆபத்து. வரிசையில் வீறிட்டு அழும் குழந்தையை எல்லோரும் திரும்பிப் பார்த்து வழிவிடுவார்கள். உண்மையில் மோசமான நிலையில் இருக்கும் குழந்தை அழாது. தோளில் துவண்டு கிடக்கும். பாட்டி "தூங்குறான் பாவம்" என்று முதுகைத் தட்டிக்கொண்டிருப்பார். குழந்தையின் உடல் ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை தாக்குப்பிடித்துக் காத்து, அதன் பிறகு சட்டென்று சரியும். சரிவதற்கு முன் அது காட்டும் அடையாளங்கள் வேக மூச்சு, சில்லிட்ட கைகால், அழுத்திவிட்டால் மூன்று விநாடிக்கு மேலாகியும் சிவப்பு திரும்பாத நகக்கண். இவற்றைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் வரிசைக்கு முன்னால் நிற்காவிட்டால் அடையாளங்கள் வரிசையிலேயே கழிந்துபோகும்.

மலாவி நாட்டில் பிளான்டயர் நகரின் குவீன் எலிசபெத் மத்திய மருத்துவமனையில் இதைத்தான் கண்டுபிடித்தார்கள். அங்கே அட்மிட் ஆகி இறந்த குழந்தைகளில் பெரும் பங்கினர் முதல் 24 மணி நேரத்திலேயே இறந்துகொண்டிருந்தனர். எலிசபெத் மாலினூவும் அவருடன் பணியாற்றியவர்களும் புற நோயாளர் பிரிவின் இட அமைப்பையே மாற்றினார்கள். வரும் குழந்தையை உடனே பார்த்துத் தரம் பிரிக்க ஆளை நிறுத்தி, ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவசரச் சிகிச்சையை அதன் பக்கத்திலேயே வைத்தார்கள். உள்நோயாளிக் குழந்தைகளின் இறப்பு 10 முதல் 18 சதவீதமாக இருந்தது 6 முதல் 8 சதவீதத்துக்கு இறங்கியது. 2006இல் வெளிவந்த அந்த அறிக்கையில் விலையுயர்ந்த எந்திரம் எதுவும் கதாநாயகன் இல்லை. யார் எங்கே நிற்கிறார், எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

சென்னைக்கு இது வெளியிலிருந்து வந்த பாடம் மட்டுமல்ல. எழும்பூர் நிறுவனத்தில் டாக்டர் இந்துமதி சந்தானம் உருவாக்கி நடத்திய குழந்தைகள் அவசரப் பிரிவு, கூட்டம் வழியும் அரசு மருத்துவமனைக்கு ஏற்ற முறையைத் தானே வகுத்துக்கொண்டது. கிருமித் தாக்கத்தால் அதிர்ச்சி நிலைக்குப் போன குழந்தைகளுக்கு டிரிப்ஸ் எவ்வளவு வேகமாக ஏற்றுவது என்பது குறித்து அங்கே நடந்த ஆய்வு 2008இல் சர்வதேச மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. தமிழ்நாடு அரசின் விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைத் திட்டமான 'டாய்' விபத்துக் காயம், மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், விஷம் ஆகியவற்றோடு குழந்தைகளின் உயிர்மீட்புச் சிகிச்சையையும் ஒரு தனித் தூணாக வைத்திருப்பதற்குப் பின்னால் இந்த அனுபவம் இருக்கிறது. அறிவு எழும்பூரில் பிறந்துவிட்டது. அது ஆவடி அரசு மருத்துவமனையின் வாசற்படியிலும் பூந்தமல்லியின் வாசற்படியிலும் இரவு இரண்டு மணிக்கு நிற்கிறதா என்பதே கேள்வி.

அதற்குத் தேவையானவை மலைப்பூட்டுபவை அல்ல. சீட்டு போடும் ஜன்னலுக்கு முன்னால், பின்னால் அல்ல, ஒரு ஸ்டாஃப் நர்ஸுக்கு இடம். குழந்தையின் சட்டையைத் தூக்கி மார்பைப் பார்க்கும் அளவுக்கு வெளிச்சம். விநாடி முள் ஓடும் ஒரு சுவர்க் கடிகாரம். இந்தக் கடிகாரத்தை நான் வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நிமோனியாவைக் கண்டுபிடிக்க உலக சுகாதார நிறுவனம் வகுத்த எளிய கணக்கு மூச்சை எண்ணுவதுதான். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இந்த அளவை எட்டினாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். பின்னால் நாற்பது பேர் முண்டியடிக்கும்போது யாராலும் முழு நிமிடம் எண்ண முடியாது. ஆகவே எண்ணுவதற்கான ஓரத்தையும் கட்டட வரைபடமே ஒதுக்கித் தர வேண்டும். அப்படியே அங்கிருந்து ஆக்சிஜன் இருக்கும் அறைக்கு மாடிப்படி ஏறாமல், கதவுகள் பல தாண்டாமல் போக வேண்டும்.

இப்போது தாய்க்கு வருகிறேன்.

1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற சமூகப் பணியாளர் லண்டனில் ஒரு குறும்படம் எடுத்தார். தொப்புள் குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காக எட்டு நாள் மருத்துவமனையில் விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமி லாராவைப் பற்றியது. நன்றாகப் பழகுகிறாள், அழவில்லை என்று ஊழியர்கள் நினைத்த குழந்தை உள்ளுக்குள் எப்படி ஒடுங்கிப்போகிறாள் என்பதை அது அப்படியே பதிவு செய்தது. அன்றைய இங்கிலாந்தில் பெற்றோர் குழந்தையைப் பார்க்கக் கிடைத்த நேரம் மிகச் சொற்பம். அம்மா வந்து போனால் குழந்தை அழுகிறது, ஆகவே அம்மா வரக் கூடாது என்பது வார்டுகளின் நியாயம். 1959இல் ஹாரி பிளாட் தலைமையிலான குழு பெற்றோர் வரவைத் தடுக்கக் கூடாது, சிறு குழந்தையுடன் தாய் தங்க வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்த பிறகே அங்கு நிலைமை மாறத் தொடங்கியது.

நம்மிடம் கதை தலைகீழ். நம் பொது வார்டிலிருந்து தாயை யாரும் வெளியேற்றவில்லை. அவள் இல்லாவிட்டால் வார்டே நடக்காது. குழந்தையைத் துடைப்பது, பாலூட்டுவது, டிரிப்ஸ் முடிந்ததும் ஓடிப்போய் "சிஸ்டர், பாட்டில் தீந்துபோச்சு" என்று சொல்வது, ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவது எல்லாம் அவள் வேலை. செவிலியர் பற்றாக்குறையை இத்தனை ஆண்டுகளாக ஈடுகட்டி வருபவள் அவள். ஆனால் அவளுக்கென்று வரைபடத்தில் ஓர் அங்குலம் ஒதுக்கியதில்லை. இரவில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பாயோ புடவையோ விரித்துப் படுக்கிறாள், அல்லது குழந்தையின் கட்டிலிலேயே ஓரமாகச் சுருண்டுகொள்கிறாள். நடு இரவில் வரும் நர்ஸ் அவளைத் தாண்டித்தான் குழந்தையை அடைய வேண்டும். பிரசவமாகிப் பத்து நாள்கூட ஆகாத உடம்போடு அப்படிக் கிடப்பவர்களும் உண்டு. குளிக்க, துணி அலச, பால் கலக்க வெந்நீர் பிடிக்க, மார்பில் கட்டிய பாலைப் பீய்ச்ச அவள் இடம் தேடி அலைகிறாள். மாநிலத்தின் பல மருத்துவமனைகளில் வராந்தாக் கிரில் கம்பியில் புடவைத் தூளி தொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். சில இடங்களில் அதைக் கட்டக் கூடாது என்று விரட்டுகிறார்கள். கம்பி தாங்குமா என்ற கவலை நியாயம்தான். குறைப்பிரசவக் குழந்தையையும் மூச்சுத் திணறலோடு இருக்கும் குழந்தையையும் அதில் போடக் கூடாது என்பதும் சரி. ஆனால் தேறிவரும் குழந்தை, இங்கே பெரும்பாலான வீடுகளில் தூங்கிப் பழகியது தூளியில்தான். எடை தாங்கும் கொக்கி ஒன்றை நர்ஸ் பார்வையில் படும் இடத்தில் முறைப்படி பொருத்திக் கொடுப்பதைப் பற்றி எந்தத் திட்ட வரைவும் யோசித்ததாகத் தெரியவில்லை.

தந்தையின் நிலை இன்னும் மோசம். ஓர் அட்டெண்டர் பாஸ், அதுவும் பெண்ணுக்குத்தான் என்பது பல இடங்களில் விதி. பெண்கள் மட்டும் தூங்கும் கூடத்தில் அதற்குக் காரணம் இருக்கிறது. விளைவு, அவர் இரவு முழுவதும் வளாகத்து மரத்தடியிலோ நடைபாதையிலோ கிடக்கிறார். மருந்துச் சீட்டு வந்தால் ஓட, ரத்தம் ஏற்பாடு செய்ய, எதற்கெடுத்தாலும் அவர் வேண்டும். அவர் உட்கார ஒரு கூரையும், கூப்பிட்டால் கேட்கும் ஓர் ஒலிபெருக்கியும்கூடக் குழந்தைகள் மருத்துவமனையின் பாகங்கள்தான்.

பொது வார்டில் இடமில்லாமல் இருக்கும் தாய், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கவே அனுமதியில்லாதவளாகிறாள். குழந்தை 'கண்ணாடிப் பெட்டி'யில், தாய் வேறொரு மாடியில். தொற்று பரவும் என்ற பயம்தான் இந்தப் பிரிவினையின் அடிப்படை. அதை அசைத்த பெரிய ஆய்வில் இந்தியாவும் பங்கேற்றது. தில்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனையும், கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளும் சேர்ந்து 3,200க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கவனித்தன. எல்லாம் ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்தவை. ஒரு பகுதியினர் வழக்கப்படித் தனிப் பிரிவில் வைக்கப்பட்டு, நிலைமை சீரான பிறகே தாயின் மார்போடு சேர்க்கப்பட்டனர். மறு பகுதியினர் பிறந்ததுமுதலே தாயின் மார்பில் தோலோடு தோலாக, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே போடப்பட்ட தாயின் கட்டிலில் இருந்தனர். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் வகையில் 15.7 சதவீதம், இரண்டாவதில் 12 சதவீதம். பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2021இல் முடிவுகள் வெளியாயின. அடுத்த ஆண்டு உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலை அதற்கேற்ப மாற்றியது.

கட்டடக் கலையின் கோணத்தில் இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தாயின் மார்போடு சேர்த்து வைக்கும் இந்தக் கங்காரு பராமரிப்பு 1970களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவிலிருந்து வந்தது, நம் மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் அதை முதல் மணி நேரத்தில் தொடங்க முடியாமல் தடுத்தது இடம். கதகதப்பு மேசைகளை நெருக்கி அடுக்கிய அறையில் தாயின் கட்டிலுக்கு இடமில்லை. கட்டில் வந்தால் கழிப்பறை வேண்டும், அவளுக்குச் சாப்பாடு வர வேண்டும், தையல் போட்ட வயிற்றைப் பார்க்க மகப்பேறு மருத்துவர் அந்த அறைக்குள் வர வேண்டும். குழந்தை மருத்துவமும் மகப்பேறு மருத்துவமும் தனித்தனித் துறைகளாக, தனித்தனி மாடிகளில் இயங்கும் வழக்கத்தை அந்த ஒரு கட்டில் கேள்வி கேட்கிறது.

தொற்றுப் பயத்துக்கும் விடை தேடிப் பார்த்திருக்கிறார்கள். தில்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் பெற்றோருக்குக் கை கழுவுவது முதல் சொல்லிக்கொடுத்து, குழந்தைப் பராமரிப்பில் சேர்த்துக்கொண்டபோது தொற்று கூடவில்லை, தாய்ப்பால் கொடுப்பது கூடியது. அதையொட்டி 2017இல் மத்திய சுகாதார அமைச்சகம் குடும்பம் பங்கேற்கும் பராமரிப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இங்கே நம் வீட்டுப் பொருள் ஒன்றும் சாட்சிக்கு வருகிறது. உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குப் புட்டியைக் காட்டிலும் பாலாடை நல்லது என்று 1999இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு கண்டது. குறைந்த நேரத்தில் கூடுதலாகக் குடித்த குழந்தைகள் பாலாடையில் குடித்தவர்களே. இன்று நாடு முழுவதும் சிசுப் பிரிவுகளில் பாலாடை இருக்கிறது. கிண்ணத்தின் மூக்கை உதட்டோரம் வைத்து, குழந்தை விழுங்கும்வரை பொறுத்து, பிறகு அடுத்த சொட்டைச் சாய்க்கும் கைப்பக்குவம் பாட்டிமார்களுக்கு அத்துபடி. அந்தக் கையைக் கதவுக்கு வெளியே நிறுத்தி வைத்துவிட்டுப் பொருளை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஊசிப் பயம் பற்றி. "சும்மா இரு, இல்லேன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லுவேன்" என்று வீட்டில் மிரட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. மருத்துவமனையைத் தண்டனை கொடுக்கும் இடமாக நாம்தான் முதலில் அறிமுகப்படுத்துகிறோம். அங்கே போனால் "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் தம்பி" என்கிறார்கள். வலித்ததும் குழந்தைக்கு நம்பிக்கை போய்விடுகிறது. அடுத்த முறை வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே அழுகிறது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி வலியைக் குறைக்கச் சொன்ன வழிகள் பெரும்பாலும் காசு செலவில்லாதவை. கைக்குழந்தையைப் படுக்கவைத்து அழுத்திப் பிடிக்காமல் தாயின் மடியில் நிமிர்த்தி வைத்துக்கொள்வது, போடும்போதே பாலூட்டுவது, ஒன்றுக்கு மேற்பட்ட ஊசிகள் இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுவது, உண்மையை அமைதியாகச் சொல்வது. இதற்குப் புதன்கிழமை தடுப்பூசி அறையில் வேண்டியது கை வைத்த நாற்காலி ஒன்றும், தாய் சேலையை விலக்கப் போதுமான மறைப்பும். வார்டில் இன்னொன்றும் சேர வேண்டும். டிரிப்ஸ் ஏற்ற வென்ஃப்ளான் ஊசி போடுவதும் முதுகுத் தண்டில் நீர் எடுப்பதும் குழந்தையின் கட்டிலில் நடக்கக் கூடாது, தனி அறையில் நடக்க வேண்டும். தன் கட்டிலில் தன்னை யாரும் குத்தமாட்டார்கள் என்ற உறுதி இருந்தால்தான் குழந்தை அதில் தூங்கும்.

விளையாட்டும் இந்த உறுதியைச் சேர்ந்ததுதான். சென்னையின் லிட்டில் தியேட்டர் குழுவினர் பயிற்சி பெற்ற கோமாளிகளாக எழும்பூர் மருத்துவமனை வார்டுகளுக்குள் போய்வருவது, பெயிண்டைவிடப் பல மடங்கு பயனுள்ள முதலீடு என்று நினைக்கிறேன். சுவரில் வரைந்த படம் குழந்தைக்குப் பதில் சொல்லாது.

நேரமும் தூரமும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் கம்பெனிக்குப் போகும் பெண் காலை ஓ.பி.க்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. அதனால் முதல் நாள் காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப் மருந்து, இரண்டாம் நாளும் அதுவே, மூன்றாம் நாள் இரவில் ஓட்டம். டெங்கு பரவும் ஐப்பசி, கார்த்திகையில் இந்த மூன்று நாள் விலை அதிகம். 2023 ஜூன் 6 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன, மொத்தத் திட்டம் 708. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்ற வேலை நேரம்தான் அதில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. வேலை முடிந்து வரும் தாய் குழந்தையைக் காட்ட முடிகிற நேரம் அது. குழந்தையின் மூச்சை எண்ணத் தெரிந்த நர்ஸும், நெபுலைசரும், எழும்பூருக்கு உடனே பேசும் ஒரு தொலைபேசி இணைப்பும் மாலை நேரத்திலும் அங்கே இருந்தால், இரவு ஓட்டங்களில் கணிசமானவை தேவைப்படாது.

இந்த ஊர்களின் தாய்மார்கள் எல்லோரும் தமிழ் படிப்பவர்கள் அல்ல. தொழிற்பேட்டையிலும் திருவள்ளூர்ப் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் ஒடியா, இந்தி, வங்காளம் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. 'கதிர்வீச்சுப் பிரிவு' என்ற பலகை அவர்களுக்கு மட்டுமல்ல, நம் ஊர்ப் பாட்டிக்கும் புரியாது. தரையில் ஓடும் சிவப்புக் கோடு அவசரப் பிரிவுக்கு, நீலக் கோடு ஊசி போடும் இடத்துக்கு என்று இருந்தால் எல்லோருக்கும் புரியும்.

வளர்ச்சி தாமதப்பட்ட குழந்தைகளின் பயணம் வேறு வகை. 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தை நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, பிறவிக் குறை, காது கேளாமை, ஆட்டிசம் போன்றவற்றைக் கண்டுபிடித்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன. கண்டுபிடிப்பது ஒரு நாள் வேலை. பேச்சுப் பயிற்சியும் இயன்முறைச் சிகிச்சையும் வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியவை. இடுப்பில் ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு பேருந்து மாறிப் போகும் தாய் மூன்றாம் மாதத்தில் நின்றுவிட்டால் அவளைக் குறைசொல்ல முடியாது. திருவள்ளூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 முதல் இயங்குகிறது. அது ஆவடிக்கு மேற்கே உள்ளவர்களுக்கு உதவும். அம்பத்தூருக்கும் பூந்தமல்லிக்கும் அதுவும் தூரம்தான். பயிற்சி தருபவர் குறித்த கிழமைகளில் அந்தந்த ஊருக்கு வருவதே முறை.

ஒரு விஷயத்தைச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் விட முடியாது. 2021 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் தீப்பிடித்துப் பத்துப் பச்சிளங்குழந்தைகள் இறந்தனர். 2024 நவம்பரில் ஜான்சி மருத்துவக் கல்லூரியில் மீண்டும் அதே துயரம். ஆக்சிஜன் நிறைந்த, எந்நேரமும் எந்திரம் ஓடும், தானாக எழுந்து ஓட முடியாதவர்கள் மட்டுமே இருக்கும் அறை, பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு. இரண்டாவது வெளிவழி, மின்சுமைத் தணிக்கை, ஒரு நர்ஸ் ஒரே தடவையில் எத்தனை குழந்தைகளைத் தூக்கிச் செல்ல முடியும் என்ற ஒத்திகை, இவை இல்லாத சிசுப் பிரிவைத் திறக்கவே கூடாது. மழைக்குத் தண்ணீர் ஏறும் அம்பத்தூர், கொரட்டூர் பக்கங்களில் ஜெனரேட்டர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதும் இதில் சேரும்.

மத்திய அரசு 2021 செப்டம்பரில் 'முஸ்கான்' என்ற தரச் சான்றைக் கொண்டுவந்தது. அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகள் குழந்தைக்கு உகந்தவையா என்று பார்த்து மதிப்பெண் தரும் ஏற்பாடு. நல்ல தொடக்கம். ஆனால் சான்றிதழுக்கான பார்வை பகலில் நடக்கிறது. குழந்தைகள் வார்டின் உண்மை இரவு பதினொரு மணிக்குமேல்தான் தெரியும். இரவில் வார்டுச் சத்தம் 30 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதாவது கிசுகிசுப்புக்குக் கிட்டத்தட்ட சமம். அந்த நேரத்தில் எத்தனை விளக்குகள் எரிகின்றன, எத்தனை அலாரம் கேட்பாரின்றி ஒலிக்கிறது, எத்தனை தாய்மார் தரையில் கிடக்கிறார்கள் என்பதையும் பட்டியலில் சேர்த்தால் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் கூடும்.

இந்த மூன்று ஊர்களில் அடுத்து எழும் குழந்தைகள் பிரிவின் வரைபடம் பொதுப்பணித் துறையில் கையெழுத்தாகும் முன், அந்த மருத்துவமனையிலேயே இரவுப் பணி பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸையும், ஆயாம்மாவையும், குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் அங்கே தங்கியிருந்த தாய் ஒருவரையும் உட்காரவைத்துக் காட்ட வேண்டும். கட்டில்களுக்குச் சதுரம் போட்டிருப்பது போல, ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் தாயின் மடக்குக் கட்டிலுக்கும் ஒரு சதுரம் போட்டிருக்கிறதா என்று அவர்கள் முதலில் பார்க்கட்டும். டிரிப்ஸ் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு குழந்தையோடு நுழையும் அகலத்தில் கழிப்பறைக் கதவு இருக்கிறதா, நான்கு வயதுக் கைக்கு எட்டும் உயரத்தில் குழாய் இருக்கிறதா, வெந்நீர் எங்கே என்று அடுத்துக் கேட்கட்டும். சுவருக்கு எந்த நிறம் என்பதை அதன் பிறகு முடிவு செய்துகொள்ளலாம்.